புகை திரிந்த தெரு

நொச்சிமேட்டில் புகை திரிந்துபோனது தை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, நாற்பத்தொரு வீட்டிலும் நாற்பத்தொரு விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தபோது. பால் திரிவதைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஓட்டிடுக்கு வழியாக வழக்கம்போல மேலே போன புகை, முருங்கைமர உயரத்துக்குப் போனதும் ஒரு கணம் நின்றது, லேசாக நடுங்கியது, பிறகு தன்னைத்தானே பிரித்துக்கொண்டு, கறுத்தது தனி, பழுத்தது தனி, வெளுத்தது தனி என்று அடுக்கடுக்காக இறங்கி அவரவர் வீட்டுக் கூரைமேலேயே உட்கார்ந்துகொண்டது. பெண்கள் வெளியே வந்து இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தார்கள். "அய்யய்யோ, திரிஞ்சிபோச்சே" என்றார்கள். சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சட்டிகளை எடுத்துவந்தார்கள், ஏனென்றால் அந்தத் தெருவில் திரிந்த எதையும் யாரும் கீழே ஊற்றியதில்லை.

ஏன் திரிந்தது என்ற கேள்வியில் நொச்சிமேடு அதிக நேரத்தை வீணாக்கவில்லை. வானத்தில் யாரோ உறைமோர் தெளித்துவிட்டார்கள் என்றாள் பச்சையம்மாள். பனி அதிகம் என்றார் டீக்கடைக்காரர். இரண்டில் எது சரியென்றாலும் கூரையில் கிடப்பதை வழித்துத்தான் ஆகவேண்டும் என்பதால் பேச்சு அத்தோடு முடிந்தது. இரண்டு நாளில் எல்லாருக்கும் கை பழகிவிட்டது, ஒரு வாரத்தில் எல்லாவற்றுக்கும் பெயர் வந்துவிட்டது. மேலாக மெத்தென்று கிடந்த கறுப்புக்கு மை என்று பெயர். அதற்குக் கீழே பாகுபதத்தில் ஒட்டிக்கொண்டு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போக மறுத்த பழுப்புக்குப் பிசுக்கு. நாலுநாள் கஞ்சித்தண்ணீர்போலப் புளித்து நாறியதற்குக் காடி. நாக்கில் வைத்தால் உப்புக் கரித்த வெள்ளைப் பொடிக்கு நீறு. சட்டியைத் திறந்தவுடனே மூக்கில் ஏறிக் கண்ணிலிருந்து தாரைதாரையாக நீரை வரவழைத்ததற்குக் கண்கரிச்சான். ஆறாவதாகக் கற்கண்டுத் தூள்போல மின்னிய ஒன்றுக்குச் சக்கரை என்று பெயர் வைத்தது பெண்கள் அல்ல, எறும்புகள். மரத்துக்குள் இருந்த இனிப்பு இத்தனை காலமும் நெருப்பில் வெந்து புகையோடு புகையாக மேலே போய்க்கொண்டிருந்த விஷயம் சாரிசாரியாக எறும்புகள் கூரை ஏறியபோதுதான் தெரிந்தது. ஏழாவது சட்டியில் ஒன்றுமே இருக்காது. மூடியைத் திறந்தால் வெறும் சட்டி, நிறமில்லை, மணமில்லை, ஆனால் உள்ளே போன ஈ வெளியே வராது, அப்படியே படுத்துத் தூங்கிவிடும், பிறகு எழுந்திருக்காது. அதற்குச் சும்மா என்று பெயர் வைத்தார்கள், ஏழிலும் அதற்குத்தான் எல்லாரும் பயந்தார்கள்.

பயந்தாலும் வாழ்ந்தாக வேண்டுமே. பிசுக்கை வேலிக்கால்களில் பூசினார்கள், கரையான் அந்தப் பக்கமே வரவில்லை. காடியைத் தண்ணீரில் கலந்து கத்திரிக்குத் தெளித்தார்கள். நீற்றைத் தென்னைக்குப் போட்டார்கள். கண்கரிச்சான் சட்டியை மூடாமல் வேர்க்கடலை போட்டிருந்த மணிலாக் கொல்லையில் வைத்தபோது காட்டுப்பன்றிகள் ஒரு வாரத்துக்கு ஊரைவிட்டே போயின. சும்மா சட்டியை மட்டும் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் குழிவெட்டிப் புதைத்தார்கள். புதைத்துவிட்டு வரும்போது பச்சையம்மாள், "இத்தினி நாளா இதையாடி நாம உள்ள இழுத்துகினு இருந்தோம்?" என்று கேட்டாள். இலவசமாக வந்த கேஸ் சிலிண்டர் முதல் தடவை தீர்ந்ததிலிருந்து எல்லா வீட்டிலும் உட்காரும் முக்காலியாகத்தான் இருந்தது. எனவே வேலிகாத்தான் முள்ளையும் முந்திரிக் கட்டையையும் வெட்டிவந்து, எரித்து, ஊதி, சமைத்து, கூரை ஏறி வழித்து, சட்டிகளை எண்ணி அடுக்கினார்கள்.

எண்ணும் முறையைச் சொல்லிவிட வேண்டும், கதையே அதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. நொச்சிமேட்டில் களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு, நாலு என்றுதான் கணக்குப் போகும். நெல்லுக்குப் பழகிய வாய் புகைக்கு மட்டும் மாறுமா? நாற்பது வீட்டுக் கூரையிலும் மேலே கிடந்த மை முதலில் வழிக்கப்பட்டதால் அதுவே லாபம், சும்மா ஏழு. கணக்கு தவறாமல் எல்லா வீட்டிலும் ஏழில் முடிந்தது, ஒரு வீட்டைத் தவிர.

அது தெருக்கோடி வீடு, ஜெயக்கொடியின் வீடு. அதற்கப்பால் ஒரு கருவேலங்காடு, அதற்கப்பால் பழைய டயர்களை உருக்கி எண்ணெய் எடுக்கும் கம்பெனியின் மதில், மதிலுக்குமேல் ஒரு புகைபோக்கி. ஜெயக்கொடியின் புருஷன் கன்னியப்பன் பதினொரு வருடம் அந்த உலை வாய்க்குள் டயர் தள்ளினான், போன ஐப்பசியில் மூச்சு வாங்கி மூச்சு வாங்கி நாற்பத்துநாலு வயதில் செத்துப்போனான். கம்பெனி ஏற்பாடு செய்த டாக்டர் ஒரு சீட்டு எழுதிக்கொடுத்தார்: நீண்டகால வீட்டு விறகுப் புகையால் வந்த நுரையீரல் நோய். காலை ஆறு மணிக்குப் போய் இருட்டியபின் வரும் மனிதன், தன் வீட்டில் உப்புச்சட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாத மனிதன், அடுப்பூதிச் செத்தான் என்று எழுதியிருந்தது. அந்தச் சீட்டை நம்பியவள் அவன் அக்கா கோவிந்தம்மாள். சாவு வீட்டில் ஜெயக்கொடி வாய்க்கரிசி போடக் குனிந்தபோது கோவிந்தம்மாள் அவள் கையைத் தட்டிவிட்டாள், அரிசி பிணத்தின் மார்பில் சிதறியது. "அடுப்பூதி ஊதியே என் தம்பிய அணைச்சிட்டியேடி" என்று அழுதாள். அன்றிலிருந்து அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருந்துகொண்டு, அந்த வீட்டுப் பச்சைத் தண்ணீரைக்கூட அவள் தொடவில்லை.

இப்போது ஜெயக்கொடி வீட்டுக் கூரையில் மைக்கும் மேலே இன்னொன்று கிடந்தது. புறாக்கழுத்து நிறம், எண்ணெய்ப் பளபளப்பு, வெடித்த ட்யூப் வாடை. தொட்டால் விரலில் ஏறிக்கொண்டு சிகைக்காய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் அசையவில்லை. பச்சையம்மாள்தான் வழித்துக்கொடுத்தாள், அவள்தான் எண்ணினாள்: "லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சி, ஆறு, ஏழு..." கையில் இன்னும் ஒரு சட்டி இருந்தது. "எட்டு" என்றாள் மெதுவாக, தெரு முழுக்கக் கேட்டது.

கோவிந்தம்மாள் தன் வீட்டு வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள். "பாத்துக்குங்க! ஊரு ஒலகத்துக்கெல்லாம் ஏழு, இவ அடுப்புல மட்டும் எட்டு. அந்த ஒண்ணுதான் என் தம்பிய வாரிகினு போச்சி."

ஜெயக்கொடிக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்வதற்கு முன்னால் அவளுக்கு வந்த பயத்தைச் சொல்ல வேண்டும், அதுதான் முதலில் வந்தது. பத்தொன்பது வருடத்தில் அந்த அடுப்பில் என்னென்ன வைத்தோம் என்று உட்கார்ந்து யோசித்தாள்: முள், மட்டை, கரும்புச் சோகை, வறட்டி, ஒருமுறை உடைந்த கட்டில் கால், ஒருமுறை வண்ணம் பூசிய பழைய கதவுப் பலகை. அந்தக் கதவுப் பலகையா? அதுவா அவர் நெஞ்சுக்குள் போனது? நானா? சாவதற்குமுன் அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு இதுவா அர்த்தம்? இப்படியே ஒரு பகல் போனது. பிறகுதான் ஆத்திரம் வந்தது, எழுந்து ஒரு குடம் தண்ணீரை அடுப்பில் கொட்டினாள். "எரியாத அடுப்பு இன்னா தள்ளுதுன்னு பாக்கறன்" என்றாள் அடுப்பைப் பார்த்தே.

மூன்று நாள் அடுப்பு ஈரமாகவே கிடந்தது. மூன்று நாள் காலையும் ஜெயக்கொடி ஏணி வைத்து ஏறினாள். மை இல்லை, பிசுக்கு இல்லை, சக்கரை இல்லை, ஓர் எறும்புகூட இல்லை. புறாக்கழுத்து நிறத்தில் ஒரு சட்டி மட்டும் இருந்தது, நேற்று எவ்வளவோ இன்றும் அவ்வளவு. "லாபம்" என்று எண்ணி இறக்கினாள், அதற்குமேல் எண்ண எதுவும் இல்லை. அப்படித்தான் அதற்கு அந்தப் பெயர் நிலைத்தது. வேறு பெயரில்லாத பொருள், எப்போதும் முதல் ஆளாக வந்ததால் லாபம் ஆகிவிட்டது.

"பழைய புகை ஓட்டுல ஊறிக் கெடக்கும், அது வடியுது" என்றாள் கோவிந்தம்மாள். தெருவில் பாதிப்பேர் அதை நம்பினார்கள். நம்புவதற்குச் சுலபமாக இருந்தது.

அந்த வாரம்தான் ஆய்வு நிறுவனத்திலிருந்து நரேஷ் என்று ஒருவர் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வந்தார். கம்பெனி இன்னும் மூன்று உலை கட்டப்போகிறது, அதற்காகக் காற்றைப் பரிசோதிக்க வந்திருக்கிறேன் என்றார். கூரையில் என்ன கிடைக்கிறது என்று கேட்டார். பச்சையம்மாள் அவரை ஜெயக்கொடி வீட்டுக்கே கூட்டிப்போய்ச் சட்டிகளைத் தட்டித் தட்டிக் காட்டினாள், "இது லாபம், தெனமும் வுழுவுது. இது ரெண்டு, இது மூணு..." நரேஷ் பட்டணத்துக்காரர், நெல்லைக் கடையில் அரிசியாகத்தான் பார்த்தவர். அவர் சிரத்தையோடு எழுதிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்து, பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் பள்ளிக்கூட மைதானத்தில் நடக்கும் என்று கூவிவிட்டுப் போனது. அறிக்கையின் சுருக்கத்தைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஜெயக்கொடி எட்டாவது வரை படித்தவள். விரல் வைத்துப் படித்தாள். இவ்வூரின் காற்று மாசுக்கு முதன்மைக் காரணம் நாற்பத்தொரு வீடுகளின் விறகடுப்புகள். இதனால் ஏற்பட்டதாக உறுதி செய்யப்பட்ட மரணம் ஒன்று: கன்னியப்பன், வயது 44. அதற்கு எதிரே, காரணம் என்ற கட்டத்தில், மனைவியின் சமையல் என்று இருந்தது. கூட்டம் முடிந்தால் அது அரசாங்கத்தின் காகிதம் ஆகிவிடும், அவள் செத்தபிறகும் அப்படியே இருக்கும்.

குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன. ஜெயக்கொடி தன் குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் கால் வைத்து நின்றாள்.

"நம்ம புகை இருக்கிற வரைக்கும் கம்பெனிக்காரன் புகை தனியா தெரியாது. நம்ம முந்தானைக்குப் பின்னாடி ஒளிஞ்சிகினு நிக்கிறான். முந்தானைய இழுத்துகினா எங்க போவான்?"

"அப்பிடின்னா?" என்றாள் பச்சையம்மாள்.

"கூட்டத்துக்குப் பதினொரு நாளு இருக்குது. ஒரு அடுப்பும் எரியக்கூடாது."

"பதினொரு நாளு சோத்துக்கு இன்னாடி பண்றது?" என்று ஒரு புருஷன் கேட்டான். ஜெயக்கொடிக்கு முந்திக்கொண்டு அவன் பெண்டாட்டியே பதில் சொன்னாள்: "எங்கம்மா ஊட்டுக்கு நான் போனப்ப பதினஞ்சி நாளு டீக்கடையிலதான கெடந்த? அப்ப உசுரோட இருந்தல்ல?" தெரு சிரித்தது, சிரித்தபிறகு மறுப்பது கஷ்டமாகிவிட்டது.

இப்படியாக நாற்பது அடுப்பில் தண்ணீர் ஊற்றினார்கள். ஊறவைத்த அவலையும் முளைகட்டிய பயறையும் பொட்டுக்கடலையையும் வெல்லத்தையும் தேங்காய்ச் சில்லையும் தின்றார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துச் சத்துணவைத் தட்டு வழிய வாங்கினார்கள், கைக்குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் டீக்கடைக்காரர் தன் கேஸ் அடுப்பில் பாலும் கஞ்சியும் காய்ச்சிக் கொடுத்தார், பக்கத்து ஊர்ச் சம்பந்திகள் தூக்கில் குழம்பு அனுப்பினார்கள், வாய்வு பிடித்தது, வசவு பெருகியது, இரண்டு வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேச்சு நின்றது, ஆனால் ஓர் அடுப்பும் எரியவில்லை. நாற்பத்தோராவது அடுப்பு மட்டும் எரிந்தது. அது கோவிந்தம்மாளுடையது, தம்பியைக் கொன்றவள் பேச்சைக் கேட்டு நான் பட்டினி கிடப்பேனா என்று மூன்று வேளையும் வேண்டுமென்றே வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சமைத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் எல்லாக் கூரையிலும் லாபம் இருந்தது. முன்பும் இருந்திருக்கிறது, மையோடு மையாகக் கலந்து கிடந்ததில் யாருக்கும் கண்ணில் படவில்லை. கோயில் பக்கம் முதல் வீட்டில் ஒரு கரண்டி, நடுத்தெருவில் ஒரு டம்ளர், தெருக்கோடியில் ஜெயக்கொடி வீட்டில் ஒரு சட்டி. பச்சையம்மாள் தெருவை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுப் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தாள். அவள் வாயிலிருந்து வந்த வார்த்தையை நான் எழுத முடியாது.

ஏழாம் நாள் ஒரு லாரி வந்தது. லாரி நிறைய விறகு, நன்றாகக் காய்ந்த சவுக்கு, ஒரே அளவாக வெட்டியது. முன்னால் காரிலிருந்து கம்பெனி மேனேஜர் இறங்கினார்.

"ஏம்மா இப்படிப் பட்டினி கிடக்கறீங்க? பார்க்கவே மனசு கேக்கல. இது கம்பெனியோட அன்பளிப்பு. வீட்டுக்கு ரெண்டு கட்டு. அடுப்பைப் பத்தவைங்க, பிள்ளைங்களுக்குச் சூடா ஆக்கிப்போடுங்க."

பச்சையம்மாள்தான் முதலில் சிரித்தாள். "ஏன்டி ஜெயக்கொடி, நம்ம அடுப்பாலதான் ஊரே கெட்டுப்போச்சின்னு எழுதி ஒட்டினவங்க, இப்ப அடுப்ப எரி எரின்னு வெறகு கொண்டாந்து கெஞ்சறாங்களே?" அதுவரை பாதி மனதோடு அவலைத் தின்றவர்களுக்கு அந்த நிமிடத்தில் முழு மனது வந்தது. நாற்பது வீட்டில் ஒருவரும் லாரியை நெருங்கவில்லை. கோவிந்தம்மாள் மட்டும் வந்து இரண்டு கட்டுத் தூக்கிக்கொண்டாள், மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, கூட்டத்தில் உங்க தம்பியைப் பத்தி நீங்க சொல்லணும், பேச மைக் உங்களுக்குத்தான் என்றார். அவள் தலையாட்டினாள்.

அந்தச் சவுக்கில் அன்று சமைத்தாள். மறுநாள் காலை கூரை ஏறினாள். காய்ந்த சவுக்கு அதிகம் புகையாததால், ஓட்டின் ஒரு பாதியில் மட்டும் அவள் அடுப்பின் ஏழும் அடுக்காக இருந்தன, சக்கரைமேல் எறும்பு மொய்த்தது. மறுபாதியில் கால் சட்டி லாபம், அதன் ஓரம்வரை வந்த எறும்புகள் மீசையை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. கோவிந்தம்மாள் ஏணியில் நின்றபடியே அதை விரலால் தொட்டாள். பிறகு மூக்கருகே விரலைக் கொண்டுபோனாள். பதினொரு வருடம் தம்பி வேலைவிட்டு வந்து சட்டையைக் கழற்றிப் போடும்போது வீசிய வாடை அது, ஜெயக்கொடி ஊரில் இல்லாத நாட்களில் அவனுக்குத் துணி துவைத்துப் போட்டபோது அவள் கையில் கிடந்த வாடை. அன்று மத்தியானம் அவள் அடுப்பும் அணைந்தது.

கூட்டத்தன்று மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள், நாற்காலிகளுக்கு வெள்ளை உறை, பிரியாணிப் பொட்டலங்கள் ஒரு மூலையில். மேடையில் மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி அம்மா, பக்கத்தில் மேனேஜர், ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானி, அவருக்குப் பின்னால் நரேஷ். அறிக்கையை வாசித்தார்கள். மூன்றாம் பக்கத்தில், "இப்பகுதி மக்கள் தங்கள் கூரைகளில் நாள்தோறும் லாபம் விழுவதாக மகிழ்ச்சியுடன் தெரிவித்தனர்" என்ற வரி வந்தபோது முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்தினாள், பிறகு பொத்த முடியவில்லை, பதினொரு நாள் பசியோடு நாற்பது குடும்பமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நரேஷுக்கு மட்டும் காது சிவந்தது.

"என்ன சிரிப்பு?" என்றார் அதிகாரி அம்மா.

ஜெயக்கொடி எழுந்தாள். மைக்கை அவளிடம் கொடுக்க யோசித்தார்கள், அவளே போய் எடுத்துக்கொண்டாள்.

"லாபம் வுழுவறது நெசந்தாங்கம்மா. ஆனா அது எங்க லாபம் இல்ல, அவுருது." மேனேஜரைக் காட்டினாள். "ஏழு எங்களுது. மறைக்கல. மை, பிசுக்கு, காடி, நீறு, கண்கரிச்சான், சக்கரை, சும்மா. அதுல சும்மா ஒண்ணே போதும், ஆளைத் தூங்கவெச்சே சாவடிக்கும். அதுக்கு எங்களக் கேளுங்க, பதில் சொல்றம்; ஒரு தடவ கேஸு குடுத்துட்டு அப்புறம் எட்டிப் பாக்காதவங்களையும் சேத்துக் கேளுங்க. எட்டாவதுக்கு இவுரு பதில் சொல்லட்டும்."

விஞ்ஞானி பொறுமையாகப் புன்னகைத்தார். "அம்மா, விறகுப் புகைக்கு ஓர் அடையாளம் இருக்கு. மரம் எரிஞ்சா மட்டும் வர்ற ஒரு சர்க்கரை. லெவோகுளுக்கோசன்னு பேரு. உங்க ஊர்க் காத்துல அது நிறைய இருந்தது. அதனாலதான் விறகுன்னு எழுதியிருக்கோம்."

"எப்ப புடிச்ச காத்து அது?"

"போன மாசம்."

"இன்னிக்குப் புடிங்க."

சொல்லிவைத்தாற்போல என்று எழுதினால் நம்பமாட்டீர்கள், ஆனால் காலை பத்தரைக்குக் காற்று தெற்கே திரும்பிக் கம்பெனிப் புகையைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் தள்ளுவது அங்கே தினமும் நடப்பது. ஷாமியானாவின்மேல் லாபம் பொதபொதவென்று விழுந்தது. துணி ஓட்டை வழியாக அதிகாரி அம்மாவின் வெள்ளைக் கோப்பின்மீது, மேனேஜரின் சட்டைத் தோளில், திறந்துவைத்த பிரியாணியில், புறாக்கழுத்து நிறத்தில் சொட்டியது. ஜெயக்கொடி மேடையேறி அந்தக் கோப்பைக் கையில் எடுத்து விஞ்ஞானியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நாப்பத்தொரு அடுப்பும் அணைஞ்சி கெடக்குது. இதுல உங்க சக்கரை எங்க? பள்ளிக்கூடத்துல இத்தினி எறும்புப் புத்து இருக்குது, ஒண்ணையாவது வந்து தொடச் சொல்லுங்க."

விஞ்ஞானி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கறை போகவில்லை. மேனேஜர் அவசரமாக மைக்கைப் பிடுங்கி, இறந்துபோனவரின் சொந்த அக்காவே வந்திருக்கிறார், அவர் சொல்வதைக் கேளுங்கள் என்றார்.

கோவிந்தம்மாள் வந்தாள். ஜெயக்கொடி அப்போதுதான் மேடையோரத்துக்கு ஒதுங்கினாள். அதிகாரிக்கும் விஞ்ஞானிக்கும் ஒதுங்காதவள். கோவிந்தம்மாள் மைக்கை வாய்க்கு மிக அருகே வைத்துக்கொண்டதில் அவள் மூச்சுத்தான் முதலில் கேட்டது.

"என் தம்பி மேல வீசின வாடை இது. பதினொரு வருசம் அவன் சட்டைய மோந்தவ நான், எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சும் சீட்டை நம்பினன், ஏன்னா அதுல இங்கிலீசுல எழுதியிருந்துச்சி. கட்டினவ போட வந்த வாய்க்கரிசிய நான் தட்டிவுட்டன். அந்தப் பாவத்த எந்த ஆத்துல கழுவறது?" மேனேஜர் பக்கம் திரும்பினாள். "உன் வெறகும் எரிச்சிப் பாத்தன்யா. நல்ல வெறகு. ஏழுதான் வந்துச்சி."

அதிகாரி அம்மா நிறைய எழுதினார். கடைசியில், கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது, முடிவு மேலிடத்தில் என்றார். "கன்னியப்பன் பேரு இருக்கிற வரிய இப்பவே அடிங்க" என்றாள் ஜெயக்கொடி. அதற்கு எனக்கு அதிகாரம் இல்லை என்றார் அவர். "அப்ப பேனாவக் குடுங்க, எனக்கு இருக்குது." பேனாவை அவர் கொடுக்கவில்லை, ஆனால் மேசைமேல் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துத் தண்ணீர் குடித்தார். ஜெயக்கொடி மனைவியின் சமையல் என்ற இரண்டு வார்த்தையையும் காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்தி அடித்தாள்.

மறுநாள் காலை நாற்பத்தொரு பெண்கள் அன்றைய லாபத்தைச் சட்டியில் எடுத்துக்கொண்டு கம்பெனி கேட்டுக்குப் போய், உங்கள் பொருள், எடுத்துக்கொள்ளுங்கள் என்று வரிசையாகக் கொட்டிவிட்டு வந்தார்கள். மேலிடத்திலிருந்து இன்றுவரை பதில் வரவில்லை, அதனால் இன்றுவரை போகிறார்கள். மூன்று உலையும் இன்றுவரை கட்டப்படவில்லை.

முதல் நாள் அப்படிக் கொட்டிவிட்டு வந்த ஜெயக்கொடி, அடுப்பைப் பற்றவைக்கவில்லை. பக்கத்து வீட்டில் கடப்பாரை வாங்கி வந்து அடுப்பங்கரைச் சுவரெதிரே நின்றாள். கோவிந்தம்மாள் நிலைப்படியில் வந்து நின்றதை அவள் பார்க்கவில்லை.

"இன்னாடி பண்ணப் போற?"

"சுவத்த இடிக்கப் போறன் அண்ணி."

"அது எங்கப்பன் கட்டின சுவரு."

"தெரியும். கட்டினவரு ஒரு சன்னல் வெச்சிருக்கலாம். ஏழும் வெளிய போவ வழியில்லாம என் நெஞ்சுக்குள்ளயே சுத்துது. அந்த ஒண்ணுகிட்ட தப்பிச்சி இந்த ஏழுகிட்ட சாவ நான் தயாரா இல்ல. கேஸு வர்றப்ப வரட்டும், மொதல்ல இதுங்க வெளிய போவட்டும்."

கோவிந்தம்மாள் உள்ளே வந்தாள். "என்ன மன்னிச்சிடுடி" என்றாள்.

ஜெயக்கொடி அவளை நேராகப் பார்த்தாள். "மன்னிக்கல அண்ணி. அன்னிக்கி மாருல செதறின அரிசி இன்னும் என் கண்ணுலயே நிக்கிது. நாளாவும். எத்தினி நாளுன்னு தெரியாது."

"ஆவட்டும்" என்றாள் கோவிந்தம்மாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஜெயக்கொடியின் கையிலிருந்து கடப்பாரையை வாங்கி, சுவரை உள்ளங்கையால் தட்டித் தட்டிப் பார்த்து, ஓரிடத்தில் ஓங்கிக் குத்தினாள். மூன்றாவது குத்தில் ஒரு செங்கல் வெளிப்பக்கம் விழுந்தது.

"தள்ளி நில்லு" என்றாள். "இன்னும் பெருசா வேணும்."